17-ஆ, 18-ஆ: இரண்டு செட் வீல், ஒரு சின்னச் சாவி

என் டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு செட் வீல் வைத்திருக்கிறேன். ஒன்று 17 இன்ச் விட்டம், ஃபோர்ஜ்டு (உலோகத்தை அழுத்தி அடித்து உருவாக்கியது), மெல்லிய பத்து ஸ்போக். இன்னொன்று 18 இன்ச், ஃப்ளோ ஃபார்ம்டு (வார்த்தெடுத்து, ரிம்மை மட்டும் சுழற்றி அழுத்தி நீட்டியது), தடித்த ஐந்து ஸ்போக். மாற்றி மாற்றிப் போட்டு ஓட்ட ஆரம்பித்து வருடக்கணக்கில் ஆகிறது. அதே கார் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் "ரெண்டுல எது வாங்கலாம்?" என்று கேட்டார். அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. முந்தின நாள்தான் 17 செட்டில் கழற்ற முடியாமல் போன ஒரு நட்டைப் பாதி நாள் போராடி எடுத்திருந்தேன். அந்த எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்தக் கார்க்காரர்களுக்கு அளவெல்லாம் மனப்பாடம். 5×100 துளை (100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து), வீல் மாட்டும் நடு ஹப் 56.1 மில்லிமீட்டர், கம்பெனி வீல் 17×7 (விட்டம், அகலம்), ஆஃப்செட் +48. வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட்; அது குறையக் குறைய வீல் வெளியே தள்ளும். என்னுடைய இரண்டு செட்டும் 8 இன்ச் அகலம். 17-க்கு ஆஃப்செட் +45, 18-க்கு +40. கணக்குப் போட்டால், கம்பெனி வீலைவிட 17-ன் வெளி விளிம்பு ஏறக்குறைய 16 மில்லிமீட்டரும், 18-ன் விளிம்பு ஏறக்குறைய 21 மில்லிமீட்டரும் வெளியே வருகிறது. இரண்டுமே ஃபெண்டருக்குள் அடங்கிவிடுகின்றன. உரசல் எதுவும் இல்லை.

டயர் இரண்டிலும் ஒரே மாடல், ஒரே 225 அகலம். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். வீல் மாற்றியதும் கார் பறக்கிறது என்று சொல்பவர்களில் பலர் கூடவே டயரையும் மாற்றியிருப்பார்கள். 86-ன் முதல் தலைமுறைக்குக் கம்பெனி கொடுத்த மிஷ்லின் பிரைமசி எச்பி, ப்ரியஸ் காரிலும் வந்த டயர். பின்பக்கம் லேசாக வழுக்கி விளையாட வேண்டும் என்றுதான் பிடிமானம் குறைந்த டயரைப் போட்டார்கள். அதைக் கழற்றிவிட்டு ஒட்டிக்கொள்ளும் டயரைப் போட்டால், பழைய வீலிலேயே கூட வேறு கார் மாதிரிதான் தெரியும். அந்தப் புண்ணியத்தை வீல் கணக்கில் எழுதக் கூடாது.

டயர் ஒன்றே என்றால், மிச்சமிருக்கும் வித்தியாசம் என்ன? காற்றும் எடையும். 17-ல் 225/45 போட்டால் (45 என்பது அகலத்தில் பக்கச்சுவரின் சதவீதம்) பக்கச்சுவர் 101 மில்லிமீட்டர். 18-ல் 225/40 போட்டால் 90. மொத்த உயரம் முறையே 634, 637 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் கியர் விகிதமோ ஸ்பீடோமீட்டரோ மாறியதாகத் தெரியாது. அந்த 11 மில்லிமீட்டர் ரப்பர்தான் எல்லாம். அதோடு எடை. தராசில் வைத்துப் பார்த்தேன்: டயர் இல்லாமல் 17 ஒவ்வொன்றும் 7.3 கிலோ, 18 ஒவ்வொன்றும் 9.4 கிலோ.

இரண்டு கிலோதானே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு கிலோ ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அது மேலே எகிறும்; ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) அதை அடக்கி, திரும்பக் கீழே இறக்க வேண்டும். போதாததற்கு 18-ல் உலோகம் அச்சிலிருந்து இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. சுழலும் எடை தள்ளிப் போகப் போக, அதைச் சுழற்றவும் நிறுத்தவும் ஆகும் உழைப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வீல் எடையைப் பற்றிய இந்தப் பைத்தியம் ஒன்றும் புதிதில்லை. ரேஸ் (Rays) என்ற ஜப்பானிய வீல் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த டிஇ37 வீலின் பெயரில் இருக்கும் அந்த 37, அதன் 15 இன்ச் வீலின் எடையான 3.7 கிலோவைக் குறிப்பது.

வேகம் கூடியதா என்று கேட்டால், என் உடம்புக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. நான் எதிர்பார்க்காத ஒரு சுகம் வேறொரு இடத்தில் கிடைத்தது. தார் சுருங்கி, குறுக்கே சின்னச் சின்ன அலையாக மடிந்து கிடக்கும் ரோடு இருக்கிறதே, அதுவும் வளைவுக்குள் வந்தால்? 18-ல் அந்த இடத்தில் பின்பக்கம் டக் டக்கென்று பக்கவாட்டில் துள்ளி நகரும். கை தானாக இறுகும். 17-ல் அதே வளைவு, அதே வேகம்: டயர் ரோட்டை விடுவதே இல்லை. ஸ்டீயரிங்கில் அந்த அலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன, ஆனால் எதுவும் கையை அசைப்பதில்லை. முதல் முறை அப்படிப் போனபோது, சஸ்பென்ஷனை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இன்றைக்கும் அந்த மாதிரி ரோட்டில் 17-ஐப் போட்டுக்கொண்டு போவது ஒரு சந்தோஷம்.

18-க்கு ஆஃப்செட் குறைவு என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. வீல் வெளியே தள்ளத் தள்ள, ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. லாரி ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த தடத்தில் ஏறினால், கார் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கும். பிடிவாதமாக இல்லை, ஆனால் கையை விட முடியாது. தூரப் பயணத்தில் அசதி தரும் விஷயம்.

அழகு? 18 போட்டால் பக்கவாட்டில் கார் நிறைந்து தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காரின் முன் பிரேக் டிஸ்க் வெறும் 294 மில்லிமீட்டர். அகன்ற ஐந்து ஸ்போக்குக்கு நடுவே அது, அக்காவின் வளையலைப் போட்டுக்கொண்ட சின்னப் பெண்ணின் மணிக்கட்டு மாதிரி இருக்கிறது. 17-ன் பத்து ஸ்போக் அதை மறைத்துவிடுகிறது.

இதுவரை படித்தவர்கள் "17-தான், முடிந்தது" என்று நினைத்திருப்பீர்கள். இப்போது சாவிக்கு வருகிறேன்.

17-ல் நட்டு உட்காரும் துளை குறுகல். காரணம் நியாயமானதுதான். பத்து ஸ்போக்கும் வந்து சேரும் நடுப்பகுதியில், 100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து துளை போட வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் சுற்றிலும் உலோகம் போதாது. உலோகத்தைக் கூட்டினால் எடை ஏறும். அதனால் துளையைச் சுருக்கிவிட்டார்கள். கம்பெனியின் 19 மில்லிமீட்டர் நட்டு உள்ளே போகும், ஆனால் அதைத் திருகும் சாக்கெட் போகாது. ஆகவே ஒல்லியான நட்டு. அதன் வெளிப்பக்கம் அறுகோணத்துக்குப் பதில் நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கும். அதைக் கழற்ற, உள்ளே அதே பள்ளம் வெட்டிய ஒரு சின்ன அடாப்டர். அதைத்தான் சாவி என்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்கும். சுவரின் தடிமனைப் பார்த்தாலே பயமாக இருக்கும்.

அந்தச் சாவி இல்லாமல் இந்தக் காரில் எதுவும் நடக்காது. பஞ்சர் என்றால் சாவி. பிரேக் பேட் பார்க்க வேண்டுமா, சாவி. டயரை முன்னும் பின்னும் மாற்ற, சாவி. ஸ்டெப்னி டிக்கியில் இருந்து என்ன, ஜாக்கி இருந்து என்ன, சாவி இல்லையென்றால் கார் நின்ற இடத்தில்தான். ஒவ்வொரு கடையிலும் நான் முதலில் சொல்லும் வாக்கியமே "அண்ணே, ஏர் கன் வேண்டாம், கையால கழட்டுங்க" என்பதுதான். அவரும் தலையாட்டுவார். நான் தண்ணீர் குடிக்கத் திரும்பினால் பின்னால் கன் சத்தம் கேட்கும். வேலை முடிந்து போகும்போது சாவி கன்னின் வாயிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். பாதி வழி போனபிறகு ஞாபகம் வந்து திரும்பி ஓடியதும் உண்டு. அவர்களையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை கார் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு 19, ஒரு 21 சாக்கெட் போதும். நம் ஒரு காருக்காக அவர்கள் வேலையின் வரிசையே மாற வேண்டும்.

கடைசியாக நடந்தது இது. பஞ்சர் ஒட்டிய ஒரு கடையில் சாவியை முழுதாக உள்ளே இறக்காமல், பாதியில் நிற்கும்போதே கன்னை அழுத்தியிருக்கிறார்கள். பள்ளங்களின் நுனி மழுங்கிவிட்டது. அடுத்த முறை கழற்றப் போனால் நான்கு நட்டு வருகிறது, ஐந்தாவதில் சாவி வழுக்கிச் சுற்றுகிறது. சாதாரண நட்டாக இருந்தால் கொஞ்சம் சின்ன சாக்கெட்டை மேலே வைத்து அடித்து இறக்கித் திருகிவிடலாம். இங்கே துளைக்குள் அதற்கு இடம் ஏது? கடைசியில் மழுங்கிய நட்டைக் கவ்விப் பிடிக்கும், மெல்லிய சுவருள்ள எக்ஸ்ட்ராக்டர் ஒன்றைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கி, நீளக் கம்பி போட்டுத் திருப்பினோம். டிக் என்று ஒரு சத்தம். நட்டு வந்துவிட்டது. துளையின் உள்சுவரில் பெயின்ட் சுருள் சுருளாக உரிந்து, அடியில் வெள்ளை உலோகம் பளபளத்தது. நட்டு போனால் வேறு வாங்கலாம். அந்தச் சுவரைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நியாயமாகச் சொன்னால், சாவி நட்டு திருடனுக்கும் தொல்லைதான். அது ஒரு நன்மை. ஆனால் நம்மிடம் நாமே திருடுவது போல் கழற்ற வேண்டியிருப்பதை எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை.

சுத்தம் செய்வதும் அப்படித்தான். பிரேக் தூசியைக் கரைக்கும் திரவத்தை அடித்தால், இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். 18-ல் ஐந்து ஸ்போக்குக்கு நடுவே துணியோடு முழங்கை வரை உள்ளே விடலாம். ரிம்மின் பின்சுவர் வரை தேய்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். 17-ல் ஸ்போக்குக்கு இடையே விரல்தான் போகும். எடை குறைக்க ஸ்போக்கின் முதுகைக் குடைந்திருக்கிறார்கள், அந்தக் குழிக்குள் தூசி அடைந்து கிடக்கும். நீர் அடித்துக் காயவிட்டபிறகும், வண்டி நகர்ந்ததும் எங்கிருந்தோ ஒரு ஊதாக் கோடு ஒழுகி வரும்.

18-ன் பக்கம் சொல்ல மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். நடுத்துளை 73.1 மில்லிமீட்டர், அதனால் ஹப்புக்கு வளையம் வேண்டும். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகுகிறது என்று அலுமினியத்துக்கு மாறினேன். அது அரிப்பு ஏறி ஹப்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க லேசாக கிரீஸ் தடவுகிறேன். ஒரு பள்ளத்தில் இறங்கி உள்விளிம்பு ஒரு இடத்தில் வளைந்தது, தட்டி நேராக்கி, பேலன்ஸ் பார்த்து, இன்றைக்கும் ஓடுகிறது. வெடிக்காமல் வளைந்ததே பெரிய விஷயம். எந்த வீல் வாங்கினாலும் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வளைத்துச் சுழற்றும் சோதனை, பாரம் ஏற்றி உருட்டும் சோதனை, மோதல் சோதனை மூன்றுக்கும் ஈடுகொடுத்தது என்று அர்த்தம். வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால், அதை வெளியார் ஒருவர் சரிபார்த்திருக்கிறார்.

அப்புறம், எதைப் போட்டாலும் 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள். 18-ல் அந்த வேலைக்கு டூல் பாக்ஸில் இருக்கும் சாதாரண சாக்கெட்டே போதும் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே நண்பருக்குச் சொன்ன பதில்: 18 வாங்குங்கள். ஆமாம், மேலே எழுதியதெல்லாம் நானேதான் எழுதினேன். 17 நன்றாக ஓடுகிறது, நன்றாகத் திரும்புகிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் வீல் என்பது ஓட்டும்போது மட்டும் கூட இருப்பதில்லை. கழற்றும்போதும் கழுவும்போதும் ரோட்டோரத்தில் இருட்டில் குனிந்து நிற்கும்போதும் கூட இருக்கிறது. அந்த வளைந்த அலை ரோட்டில் நீங்கள் எத்தனை முறை போவீர்கள், பஞ்சர் கடைக்கு எத்தனை முறை போவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் விடவில்லை. அப்படியானால் அந்த 17-ஐ எனக்குக் கொடுத்துவிடேன் என்றார். கொடுப்பதாக இல்லை. புது நட்டு ஒரு செட்டுக்கும், இரண்டு சாவிக்கும் ஆர்டர் போட்டாயிற்று.