கூத்துக்கும் பஜனைக்கும் எந்த ஆர்மோனியம்? மூன்று வகைப் பெட்டிகள், ஒரு ஒப்பீடு

செய்யாறு, ஆரணி, வந்தவாசி வட்டாரத்துக் கூத்துக்குப் பெட்டி வாங்குவதாக இருந்தால் எங்கள் பரிந்துரை இதுதான்: 39 கட்டை (விரலால் அழுத்துபவை), இரண்டு வரிசை பித்தளை ரீட் (அதிர்ந்து சத்தம் தருபவை), கப்ளர் (ஒரு கட்டையோடு அடுத்த ஸ்தாயிக் கட்டையையும் இறக்கும் அமைப்பு) உண்டு, ஸ்கேல் சேஞ்சர் (கட்டை வரிசையை நகர்த்திச் சுருதி மாற்றும் அமைப்பு) வேண்டாம். இருபதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் இப்படி ஒரு நல்ல பெட்டி கிடைக்கும். அதைவிட மலிவானதும், அதைப்போல் இரண்டு மடங்கு விலையுள்ளதும் ஏன் இந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்பதற்குக் காரணங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

கூத்துப் பெட்டிக்கு ஓய்வு கிடையாது. இரவில் தொடங்கினால் விடியும்வரை வாசிப்பு. திறந்தவெளி, புழுதி, பக்கத்திலேயே முகவீணை என்ற ஊதுகருவியும் மிருதங்கமும். பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில் வேலூர்ப் பக்கத்து வெயிலில் மரம் வறண்டு சுருங்கும். ஐப்பசி மழையில் அதே மரம் உப்பும். வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பழகும் பெட்டிக்கு இந்தச் சோதனை எதுவும் இல்லை.

முதலில் ரீட். ஒரு பித்தளைத் தகட்டில் நீளமான துளை, அதன்மேல் ஒரு முனையில் ஆணி அடித்த பித்தளை நாக்கு. துருத்தியின் காற்று துளை வழியே தள்ளும்போது நாக்கு துளைக்குள் போய்வந்து அதிர்கிறது. 39 கட்டைக்கு இரண்டு வரிசை என்றால் 78 நாக்குகள். குஜராத்தின் பாலிதானா ஊரில் செய்யும் ரீட்டுக்கு நாடெங்கும் நல்ல பெயர் உண்டு. ஆனால் கடைக்காரர் ஊர்ப் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. மூடியைத் திறந்து, ரீட்டுகள் பொருத்திய பலகையான ரீட் போர்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நாக்கைச் சுற்றி மூன்று பக்கமும் முடியளவு இடைவெளி ஒரே சீராகத் தெரியவேண்டும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் உரசியும் இருந்தால் அந்த ரீட் காற்றை வீணாக்கும், இல்லையேல் இரையும். நாக்கின் நுனி தகட்டைவிட்டுக் கொஞ்சமே எழும்பியிருக்கவேண்டும். அதிகம் எழும்பினால் கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் சத்தம் வரும். படிந்துபோயிருந்தால் துருத்தியை வேகமாக அழுத்தும்போது மூச்சடைத்து நின்றுவிடும். விருத்தம் முடிந்து பாட்டு சட்டென்று வேகமெடுக்கிற இடத்தில் இந்தக் குறை அப்பட்டமாகக் காதில் விழும்.

பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் வரும் டெல்லி வகைப் பெட்டிகளில் பாலிஷும், காற்று வழியைத் திறக்கும் குமிழ்களான ஸ்டாப்பர்களும் குறைவில்லாமல் இருக்கும். ஒன்பது குமிழ்களில் சில எதையும் திறப்பதில்லை, அழகுக்கு வைத்தவை. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இவற்றின் உண்மையான பலவீனம் பிளைவுட் ரீட் போர்டும் அவசரத்தில் சீவிய ரீட்டும். ஒரு கோடை போனதும் திருகுகள் தளர்ந்து, ரீட்டுக்கும் பலகைக்கும் நடுவே காற்று கசியத் தொடங்கும். சிறுவர்கள் பழக இது போதும். கூத்துக்கு வேண்டாம்.

கொல்கத்தா வகை ஸ்கேல் சேஞ்சர் பெட்டியின் மரவேலையைப் பாராட்டாமல் இருக்கமுடியாது. கைத்துருத்தி ஆர்மோனியம் உருவான ஊர் அது. தேக்கு மூட்டுகளும் கட்டைகளின் மென்மையும் வேறு தரம். கட்டை வரிசை முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்தி, விரல் பழகிய இடத்திலேயே சுருதியை மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கொரு சுருதியில் பாடும் பஜனைக் குழுவுக்கு இது பெரிய உதவி, நாற்பதாயிரத்தைத் தாண்டினாலும் தகும். ஒரே சுருதியில் இரவு முழுவதும் பாடுகிற ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) அந்த வசதியால் பயனில்லை. எடை மட்டும் கூடும். நகரும் தடத்தில் மைதானப் புழுதி சேர்ந்தால் கட்டைகள், காற்றுத் துளையை மூடித் திறக்கும் அடைப்பானுக்கு நேராக உட்காராது. அடைப்பான் பாதி திறந்தால் அந்தச் சுரம் இறங்கி ஒலிக்கும். பழுது ரீட்டில் என்று நினைத்து ரீட்டைச் சீவிவிட்டால் பெட்டி கெட்டது.

நடுத்தரப் பெட்டியில் ஸ்கேல் சேஞ்சருக்குப் பதில் கப்ளர் வாங்குங்கள். ஒரு கட்டையை அழுத்தினால் அதன் அடுத்த ஸ்தாயிக் கட்டையும் சேர்ந்து இறங்கும். கூடுதல் ரீட் இல்லாமல் ஒலியின் கனம் ஏறும். துணைக்கட்டை முழுவதும் இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வாங்குமுன் காற்றுச் சோதனை கட்டாயம். ஸ்டாப்பர்களைத் திறந்து, கட்டை எதையும் தொடாமல் துருத்தியை நிரப்புங்கள். கை எதிர்ப்பை உணரவேண்டும், சீறல் கேட்கக்கூடாது. பிறகு நடு ஸ்தாயியில் ஒரு கட்டையை மட்டும் பிடியுங்கள். துருத்தியை மறுபடி தொடாமல் பத்து விநாடியாவது சத்தம் நீடிக்காவிட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். கடைசியாக இரண்டு வரிசையையும் திறந்து ஒரே கட்டையில் கேளுங்கள்: சத்தம் அலையலையாக ஆடினால் இரண்டு ரீட்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. இது சுருதி சேர்ப்பதில் சரியாகக்கூடிய குறை, கசிவு அப்படியல்ல.

அடைப்பானின் தோலையும் பாருங்கள். மெல்லிய, மிருதுவான ஆட்டுத்தோல், அதன் சொரசொரப்பான பக்கம் துளையைப் பார்த்தபடி ஒட்டியிருக்கவேண்டும். தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்க, இங்கே பழுது பார்த்த பெட்டிகளில் கெட்டியான தோலைப் பார்ப்பது வருத்தமாக இருக்கிறது. துருத்தி மடிப்பில் வெள்ளைப் பசை தடவ விடாதீர்கள். அடுத்த முறை பிரிப்பது கடினம். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசை ஈரத்திலும் சூட்டிலும் இளகும், எளிதில் பிரிக்கமுடியும்.

ஒரு சுரம் இரைந்தால் பெரும்பாலும் தூசிதான். நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதத்தை நுழைத்து மெதுவாக இழுத்தால் போதும். சுருதி கொஞ்சம் விலகினால் நாக்கின் நுனியில் சீவினால் ஏறும், ஆணிப் பக்கம் சீவினால் இறங்கும். சீவும்போது அடியில் ஒரு எஃகுத் தகட்டுத் துண்டு இருக்கவேண்டும். நேற்றுவரை சரியாக இருந்த சுரம் இன்று திடீரென வெகுவாக இறங்கியிருந்தால் ஆணிப் பக்கத்தில் விரிசல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சீவிச் சரிசெய்ய முடியாது. அதே நீளமும் அகலமும் உள்ள, முடிந்தால் அதே பட்டறை ரீட்டை மாற்றவேண்டும். அதனால் பெட்டி வாங்கும்போதே அதிகம் உழைக்கும் நடு ஸ்தாயிக்கு நாலைந்து ரீட் உபரியாகக் கேட்டு வாங்கி, எண்ணெய் படாமல் துணியில் சுற்றி வையுங்கள்.