சர்க்கரைச் சென்சாருடன் மூன்று ஆண்டுகள்

இன்சுலின் போடத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் கைபேசிக்கு அனுப்பும் சென்சாரை வாங்கலாமா என்று போன வாரம் கேட்டார். மூன்று ஆண்டுகளாக அதை மாற்றி மாற்றி ஒட்டி வருபவன் நான். உடனே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால், அடுத்தடுத்து மூன்று இரவுகள் அதன் அலாரத்தால் தூக்கம் கெட்டிருந்த நேரம் அது.

என் முதல் குறை இதுதான். சென்சார் இருக்கும் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால், அந்த இடம் அழுந்தி, இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே கருவி தாழ்வாகக் காட்டி அலறுகிறது. மூன்றாம் இரவு இரண்டரை மணிக்குக் கைபேசியில் 52 என்று வந்தது. பதறி எழுந்து நான்கு குளுக்கோஸ் மாத்திரைகளை மென்று விழுங்கிய பிறகே விரலில் குத்திப் பார்த்தேன்: 118. இல்லாத தாழ்வுக்காகத் தின்றதை விடியும்வரை உடம்பு சுமந்தது.

தாழ்ந்த சர்க்கரை ஏறும்போதும் இதை நம்பக் கூடாது. சென்சார் அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசுநீரை; அது சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து 15 நிமிடம் பொறுத்துப் பார்த்தால், விரலில் 80 இருக்கும்போதும் சென்சார் 62 என்றே நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் சாப்பிட்டு, 250 வரை ஏற்றிக்கொண்ட நாள்கள் எனக்கு உண்டு.

ஆனாலும் ஒரு மாலையை மறைத்துவிட்டு எழுதுவது நியாயமாகாது. அடிக்கடி சர்க்கரை இறங்கிப் பழகிய உடம்பு என்பதால், வியர்வை, கைநடுக்கம், படபடப்பு போன்ற எச்சரிக்கைகள் எனக்கு மங்கிவிட்டன. அன்று வேகமாக நடந்துகொண்டிருந்தபோது கைபேசியில் 84 என்று இருந்தது. எண் நல்ல எண்தான், ஆனால் பக்கத்திலேயே, வேகமாக இறங்குகிறது என்று காட்டும் நேர் கீழ்நோக்கிய அம்புக்குறி. உடம்பில் ஓர் அறிகுறியும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து குளுக்கோஸ் சாப்பிட்டேன். இறக்கம் 70-இல் நின்றது. விரலில் குத்திப் பார்த்து மட்டும் வாழ்ந்த காலமாக இருந்தால், 84 என்ற எண்ணை நம்பி மேலே நடந்திருப்பேன்.

இத்தனையும் நினைத்துப் பார்த்த பிறகும் நண்பருக்கு, “இப்போதைக்கு வேண்டாம்” என்றே எழுதினேன். சர்க்கரை இறங்கினால் அவருக்குக் கைநடுக்கம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேட்க வேண்டும்; இல்லையென்றால் விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும் தலைமாட்டில் குளுக்கோஸும் போதும், தூக்கமாவது மிஞ்சும் என்றேன். கூடவே இதையும் எழுதினேன்: “அறிகுறி எதுவும் தெரியாமல் ஒருமுறை 60-க்குக் கீழே இறங்கியிருந்தாலும் மருத்துவரிடம் போய்விட்டு, அன்றே எனக்கும் சொல்லுங்கள்; முதல் சென்சாரை நானே வந்து ஒட்டிவிடுகிறேன்.”