கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் ஆஸ்பத்திரிப் பக்கம் உள்ள கஞ்சிக்கடை, நாலு ஸ்டார்

எனக்க அம்மா இடுப்பெலும்பு முறிஞ்சு நெய்யூர் ஆஸ்பத்திரியில 11 நாள் கெடந்தாவ, கூட நிக்க நான் ஒரு ஆளுதான், அந்த 11 நாளும் மூணு நேரமும் இந்தக் கடையிலதான் சாப்பாடு. அதனால ஒரு தடவை போய் போட்டோ புடிச்சுட்டு எழுதுற ரிவியூ இல்ல இது. போர்டு கெடையாது. தகர ஷெட்டு, நாலு பெஞ்சு, ஒரு ஃபேன், அதுவும் கல்லாவுல இருக்க அண்ணாச்சிக்க தலைக்கு மேலதான் சுத்தும்.

காலையில சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு தொவரன் (பொரியல்), சுட்ட பப்படம், தேங்கா சம்மந்தி (தொவையல்), 50 ரூவா. மத்தியானம் மரச்சீனிக்கெழங்கும் சாளைப் புளிமுளமும் (மீன் புளிக்கொழம்பு), மீனு கொளச்சல்ல இருந்து வாறது, ருசிய பத்தி நான் ஒண்ணும் சொல்லல, போய் தின்னு பாருங்க. சாயா மட்டும் பாயசம் மாதிரி இருக்கும், சுகர் உள்ளவங்க முன்னாடியே சொல்லிருங்க. ஃபிளாஸ்க்குக்கு சுடுதண்ணி காசு இல்ல. வேற ஒரு கடையில அதுக்கு 20 ரூவா வாங்கினாவ எங்கிட்ட.

மூணாவது நாளு ஒரு அக்கா வந்து ஒரே ஒரு சாயா சொல்லிட்டு முந்தானையில சில்லறைய எண்ணிட்டு இருக்காவ. அண்ணாச்சி நேரா கஞ்சிய கொண்டு வச்சுட்டு, "நேத்து உங்களுக்கு மீதி 50 ரூவா தர மறந்துட்டேன், அதுக்கு இது"ன்னாரு. "நான் நேத்து வரவே இல்லையே"ங்காவ அந்த அக்கா. "அப்போ உங்க கூட உள்ள ஆளு யாராச்சும் வந்திருப்பாவ"ன்னு சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போனவரு அவங்க சாப்பிட்டு எழும்புற வரைக்கும் வெளிய வரல. பெறகு நான் சும்மா இருக்க மாட்டாம, "சர்ச் சபைக் கமிட்டியில இருந்துட்டு பொய் சொல்லுதீரே அண்ணாச்சி"ன்னேன். "பொய் இல்ல மக்கா, கணக்குல ஒரு தப்பு"ன்னாரு.

அன்னைக்கு ராத்திரி வார்டு வராந்தாவுல படுத்துக்கிட்டு எனக்கு பைபிள்ல லூக்கா 10-ஆம் அதிகாரம்தான் நெனப்பு. கள்ளன்மாரு அடிச்சு வழியில போட்டுட்டுப் போனவன, முன்னப்பின்ன தெரியாத ஒரு சமாரியன் காயத்தக் கட்டி சத்திரத்துல கொண்டு சேத்த அந்த நல்ல சமாரியன் கதைய சண்டே ஸ்கூல்ல இருந்து கேக்குறோம், எல்லா பிரசங்கமும் அந்த சமாரியன பத்திதான், அவன் மறுநாளே கிளம்பிப் போயிட்டான்யா, அதுக்குப் பெறகு அடிபட்டவனுக்கு கஞ்சி வச்சுக் குடுத்து பாத்துக்கிட்டது யாரு, சத்திரக்காரந்தானே? கையில கெடச்சது ரெண்டு பணம், அந்தக் காலத்து வெள்ளிக்காசு, மத்தேயு 20-ல திராட்சத்தோட்ட வேலைக்கு ஒரு நாள் கூலியே ஒரு பணம்னு வருது, அப்போ ரெண்டு நாள் கூலி. மேல ஆகுற செலவ திரும்பி வரும்போது தாறேன்னு ஒரு வாய்வார்த்தை. முன்னப்பின்ன தெரியாதவனுக்கு பற்று எழுதுன அந்தக் கடைக்காரன பத்தி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்ல.

அண்ணாச்சிக்கும் ஒரு பற்று நோட்டு உண்டு. அதுல பேரே கெடையாது, வார்டும் பெட் நம்பரும்தான். ஒரு பக்கத்துல 780 ரூவாய்க்கு குறுக்க ஒரு கோடு. கேட்டதுக்கு "ஆளு போயிட்டாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிட்டாரு.

பெஞ்சுல ஒரு தாத்தா, 1838-ல லண்டன் மிஷன் வைத்தியம் தொடங்குன எடமாக்கும், எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் இருந்த ஆஸ்பத்திரியாக்கும்னு தெனமும் பெருமை பேசுவாரு. நியாயமான பெருமைதான். ஆனா அந்தக் காலத்துல கூட நின்னவங்களுக்கு கஞ்சி ஊத்துனது யாருன்னு கேட்டா அவருக்கே தெரியல.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, தட்டு கழுவுற அண்ணன அவரு போடுற சத்தம். ஒரு டம்ளர் ஒடஞ்சதுக்கு கடையில உள்ள எல்லாரும் கேக்க வச்சு வஞ்சாரு, எனக்கு கஞ்சி எறங்கல. கல்லாவுக்கு முன்னாடி நிக்கிறவங்க கிட்ட காட்டுற எரக்கம் அடுக்களைக்குப் போகும்போது எங்க போவுதுன்னு தெரியல. நேர்லயே சொன்னேன், மொறச்சாரு, மறுநாள் அந்த அண்ணனுக்கு ஃபேனுக்கு அடியில எடம் போட்டு சோறு வெளம்பிட்டு இருந்தாரு. சத்தம் என்னமோ அதுக்கப்புறமும் கேட்டுச்சு.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு எனக்க பாக்கி 340. ஐநூறு ரூவா நோட்ட குடுத்து மிச்சத்த அந்த நோட்டுல கோடு போட்ட கணக்குக்கு வச்சுக்கிடுங்கன்னேன். 160 ரூவாயையும் எண்ணி கையில வச்சுட்டு, "இது கடை மக்கா, காணிக்கைப் பெட்டி இல்ல"ன்னுட்டாரு.

புளிமுளம் வேணும்னா ஒரு மணிக்குள்ள போங்க. ஞாயிறு ஆராதனை முடிஞ்சுதான் தெறப்பாரு, அன்னைக்கு காலைக்கு பிரெட்டு வாங்கி வச்சுக்கிடுங்க.