கும்பகோணத்து நடன உடைக் கடை: விசிறி அருமை, ரவிக்கை சுமார்

பரதநாட்டிய உடை மட்டுமே தைக்கும் சின்னக் கடை. திருபுவனம் பட்டுச் சேலை ஒன்றைக் கொடுத்தால் பைஜாமா, விசிறி (முன்பக்கம் கால்களுக்கு நடுவே விரியும் மடிப்புத் துணி), மேலாக்கு, இடுப்புத் துணி, ரவிக்கை எல்லாம் அதிலேயே வெட்டிவிடுகிறார்கள். விசிறிக்கு முந்தானைதான், அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) ஜரிகை முழுசாக விரிந்து தெரிய வேண்டுமே. சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) காலத்தில் பைஜாமாவுக்கு மேல் சேலையைச் சுற்றிக் கட்டியே ஆடினார்கள். 1930களில் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி மேடைக்கு வந்த பிறகுதான் தைத்த உடை பரவியது.

இங்கே அளவெடுப்பதுதான் விசேஷம். நிற்கவைத்து எடுத்ததோடு விடாமல், அரைமண்டியில் உட்காரவைத்துத் தொடைச் சுற்றையும் இரு முழங்கால்களுக்கு இடைப்பட்ட அகலத்தையும் குறிக்கிறார்கள். இதை விட்டால் முழுமண்டியில் (முழுதாகக் குந்தும் நிலை) கவட்டுத் தையல் பிரியும். விசிறி மடிப்புகளை இஸ்திரி போட்டு, கலையாமல் நூலோட்டித் தருகிறார்கள். மேடையேறும் முன் அந்த நூலைப் பிரிக்க மறந்தால் விசிறி விரியாது!

ரவிக்கையில்தான் சறுக்கல். உள்துணி மெல்லிசு, அக்குள் வியர்வையில் பட்டு சீக்கிரம் நைந்துவிடும். கெட்டிப் பருத்தி கேட்டு வாங்குங்கள். வளரும் பிள்ளைக்குப் பக்கத் தையலில் 2 அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள், தானாக விடமாட்டார்கள். சிவராத்திரிக்குக் கோயில்களில் நடக்கும் நாட்டியாஞ்சலி நடன விழாவுக்கு என்றால் பொங்கலுக்கு முன்பே துணியைக் கொடுத்துவிடுவது நல்லது.