ஐ-9 படிவமும் இ-வெரிஃபையும்: எச்.ஆர். மேசையில் பத்து வருடத்துக்கு மேலான அனுபவம்

அமெரிக்காவில் ஒருவரை வேலைக்கு எடுத்தால், அவர் யார், இங்கே வேலை செய்ய அவருக்கு அனுமதி இருக்கிறதா என்ற இரண்டையும் சரிபார்த்து ஐ-9 என்ற படிவத்தில் பதிந்து வைக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் விலக்கு கிடையாது. 1986 நவம்பர் 6-க்குப் பிறகு வேலையில் சேர்ந்த எல்லோருக்கும் இது பொருந்தும். டாலஸ் பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் 2014-ல் எச்.ஆர். வேலைக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து இந்தப் படிவம் என் பொறுப்புதான். 2017-ல், இணையத்தில் அரசுப் பதிவுகளோடு ஒப்பிடும் இ-வெரிஃபையும் சேர்ந்துகொண்டது. கிடங்கில் பெட்டி இறக்குபவர் முதல் மென்பொருள் எழுதுபவர் வரை நூற்றுக்கணக்கானவர்களின் ஆவணங்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நம்மவர்கள் முன்பெல்லாம் இந்த மேசைக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் உட்காருவார்கள். இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்கி இந்தப் பக்கமும் உட்காருகிறார்கள். இரண்டு தரப்புக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. படிவத்தின் முதல் பகுதியைச் சேருபவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை தொடங்கும் நாளைத் தாண்டக் கூடாது. இரண்டாம் பகுதி நம்முடையது. ஆவணங்களைப் பார்த்து எழுத, வேலை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வேலை நாட்கள். திங்கட்கிழமை சேர்ந்தால் வியாழக்கிழமைதான் கடைசி. திங்களையும் சேர்த்து எண்ணி, புதனோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மொத்த வேலையே மூன்று நாளுக்குள் முடிந்துவிடும் என்றால் முதல் நாளே எல்லாம் முடிந்தாக வேண்டும். வேலையை ஏற்றுக்கொண்டேன் என்று அவர் சொன்ன பிறகு முதல் பகுதியை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், நான் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுகிறேன். முதல் நாள் காலையில் யாரையும் பரபரக்க வைக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஆவணங்கள். ஏற்கத்தக்கவை மூன்று பட்டியல்களாக இருக்கும். அடையாளம், வேலை அனுமதி இரண்டையும் காட்டும் ஏ பட்டியலில் உள்ள ஒன்றே போதும்: அமெரிக்க பாஸ்போர்ட், கிரீன் கார்டு, இஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டை போன்றவை. இல்லையென்றால் அடையாளத்துக்கு பி பட்டியலில் ஒன்று, வேலை அனுமதிக்கு சி பட்டியலில் ஒன்று. டிரைவிங் லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி கார்டும் கொடுப்பவர்கள்தான் அதிகம். எதைக் கொடுப்பது என்பது சேருபவரின் விருப்பம். இதை நான் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. ஆரம்பத்தில் ஒருவரிடம், “கிரீன் கார்டு இருக்குமே, அதையே கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் கையில் லைசென்ஸும் கார்டும் ஏற்கெனவே இருந்தன. அவர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். என் மேலாளர் அன்று மாலை கூப்பிட்டு, நீ செய்தது பாகுபாடு, சட்டப்படி தவறு என்று விளக்கினார். இன்ன ஆவணம்தான் வேண்டும் என்று கேட்பதையும், பட்டியலில் இருப்பதற்கு மேல் கேட்பதையும் கவனிக்கவே நீதித்துறையில் தனிப் பிரிவு இருக்கிறது. மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு பட்டியல் பக்கத்தை அச்செடுத்து எதிரில் வைத்துவிட்டு, “இதில் உங்களுக்கு எது வசதியோ அது” என்று மட்டும் சொல்கிறேன்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது சோஷியல் செக்யூரிட்டி கார்டில்தான். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கார்டை எடுத்துப் பாருங்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அந்த வரி இருந்தால் அது சி பட்டியலில் சேராது. லைசென்ஸும் இந்தக் கார்டும் கொண்டு வந்து, “இரண்டும் இருக்கே, ஏன் வாங்க மாட்டேங்கறீங்க?” என்று கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் ஐ-94 என்ற நாட்டுக்குள் வந்த பதிவும் சேர்ந்தால்தான் ஏ பட்டியல் ஆவணம். இன்னொன்று, நகல் கூடாது, அசல்தான் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு மட்டும் சான்றளித்த நகல் செல்லும். அட்டை தொலைந்து மாற்று அட்டைக்கு விண்ணப்பித்திருந்தால் அந்த ரசீதை 90 நாளுக்கு ஏற்கலாம். இது தெரியாமல் ஆளைத் திருப்பி அனுப்பும் நிறுவனங்கள் உண்டு.

பெயர்தான் எங்கள் மேசையில் பெரிய விஷயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாகி, பாஸ்போர்ட்டில் அது விரிந்து, சிலருக்கு முன்னாலும் சிலருக்குப் பின்னாலும் உட்கார்ந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிட்டுவிடுவார்கள். அதைத் தன் பெயரில் ஒரு பகுதி என்று நினைத்து ஐ-9 படிவத்திலும் அப்படியே எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். படிவத்தின் விதி வேறு. ஒரே பெயர் என்றால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, முதல் பெயர் கட்டத்தில் ‘அன்னோன்’ (Unknown) என்று எழுத வேண்டும்.

அதே அளவுக்குச் சிக்கல் தருவது தேதி. போன கோடையில் சேர்ந்த ஒரு பெண், பிறந்த தேதியை 05/08 என்று எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டைத் திறந்தேன். அதிலும் 05/08. இரண்டும் ஒத்துப்போகிறதே என்று மேலே போயிருந்தால் அவ்வளவுதான். இந்தியப் பாஸ்போர்ட்டில் முதலில் நாள், பிறகு மாதம். இந்தப் படிவத்தில் முதலில் மாதம். அவர் பிறந்தது ஆகஸ்ட் 5. லைசென்ஸில் 08/05 என்றுதான் இருந்தது. பேனாவை அவரிடமே கொடுத்தேன். தவறான தேதி தெரியும்படி ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தன் பெயரின் முதலெழுத்தும் அன்றைய தேதியும் போட்டார். முதல் பகுதியில் நாம் கை வைக்கக் கூடாது. வெள்ளை மையும் கூடாது. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் விட்டிருந்தால் இ-வெரிஃபையில் போய் நின்றிருக்கும்.

இ-வெரிஃபை என்பது ஐ-9 தகவலை அரசுப் பதிவுகளோடு இணையத்தில் ஒப்பிடும் முறை. 1997-ல் சோதனைத் திட்டமாகத் தொடங்கியது, 2007-ல் இந்தப் பெயர் வந்தது. கட்டணம் இல்லை. அரிசோனாவில் 2008 முதல் நிறுவனங்களுக்குக் கட்டாயம். புளோரிடாவில் 2023 ஜூலை முதல் 25 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனங்களும் சேர வேண்டும் என்று ஆனது. நாங்கள் சேர்ந்த காரணம் வேறு. ஓபிடி-யில், அதாவது இங்கே படித்த வெளிநாட்டு மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதியில் இருந்த ஒரு பொறியாளருக்கு, அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு வேண்டியிருந்தது. அதற்கு நிறுவனம் இ-வெரிஃபையில் பதிந்திருக்க வேண்டும். அவர் ஒருவருக்காகத் தொடங்கியது, ஆனால் சேர்ந்துவிட்டால் புதிதாக வரும் எல்லோருக்கும் செய்தாக வேண்டும். இவர் வெளிநாட்டுக்காரர் என்று தேர்ந்தெடுத்துச் சோதிக்கக் கூடாது. வேலை கொடுக்கும் முன் சோதித்துப் பார்ப்பதும் கூடாது.

பயன்படுத்த எளிதா என்றால், எளிதுதான். படிவத்தில் உள்ளதை உள்ளிட்டால் பெரும்பாலும் சில நொடிகளில் பதில் வந்துவிடும். பதிவோடு ஒத்துப்போகாதபோது, மிஸ்மேட்ச் சொல்வதற்கு முன்னால், நீங்கள் தட்டச்சு செய்தது சரியா பாருங்கள் என்று ஒரு திரை வரும். அந்த இடத்தில் நிதானமாகப் பார்ப்பதாலேயே பல பேரின் அலைச்சல் எனக்குத் தெரிந்து மிச்சமாகியிருக்கிறது. அமெரிக்க பாஸ்போர்ட், கிரீன் கார்டு, இஏடி கொடுத்தவர்களுக்குப் படத்தையும் காட்டும். திரையில் வரும் படத்தை ஆவணத்தில் உள்ள படத்தோடுதான் ஒப்பிட வேண்டும், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தோடு அல்ல. புதிதாகப் பயிற்சி பெறுபவர்களுக்கு இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மிஸ்மேட்ச் வந்தால் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை வைத்துத்தான் ஒரு நிறுவனத்தை நான் எடைபோடுவேன். கிடங்குக் கணக்குப் பிரிவில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அது வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு லைசென்ஸில் பெயரை மாற்றியவர், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் மாற்றவில்லை. தனி அறையில் உட்கார வைத்து, அந்த அறிவிப்பை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. “அப்போ என்னை எடுத்துடுவீங்களா?” என்று கேட்டார். இல்லை, இது முடியும்வரை உங்களை நீக்கவும் முடியாது, சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது, பயிற்சியைத் தள்ளிப்போடவும் முடியாது, சட்டமே அப்படித்தான் என்று சொன்னேன். எதிர்த்து முறையிடுகிறேன் என்று அவர் முடிவு செய்து, நாம் வழக்கை அனுப்பியதும், அரசு அலுவலகத்துக்குப் போக அவருக்கு எட்டு அரசு வேலை நாட்கள் கிடைக்கும். மூன்றாம் நாளே திருமணச் சான்றிதழோடு போனார். அடுத்த வாரம் திரையில் வேலைக்கு அனுமதி என்று வந்தபோது, அவரை அழைத்து நேரிலேயே காட்டினேன். இன்றும் எங்களோடுதான் இருக்கிறார்.

வேலை தேடுபவர்களுக்கு ஒன்று. உங்கள் பதிவு சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள செல்ஃப் செக் என்ற வசதியை இ-வெரிஃபையே 2011 முதல் இலவசமாகத் தருகிறது. பெயர் மாற்றியவர்கள், விசா நிலை மாறியவர்கள் புது வேலைக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நடுவில் இரண்டு வருடம், ஐ-9 படிவத்தையும் சேர்த்துச் செய்யும் ஒரு பேரோல் (சம்பளக் கணக்கு) மென்பொருளைப் பயன்படுத்தினோம். நான் ஆவணம் பார்த்த நாளுக்குப் பதிலாக, கோப்பைச் சேமித்த நாளையே கையெழுத்துத் தேதியாக அது போட்டுவிட்டது. ஆண்டு தணிக்கையில்தான் கண்டுபிடித்தோம். சரியாகச் செய்த வேலை தாமதமாகச் செய்ததுபோல் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு படிவத்துக்கும் நடந்ததை விளக்கி, கையெழுத்துப் போட்டுக் குறிப்பு இணைத்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. எழுத்துப் பிழைக்கும் விடுபட்ட கட்டத்துக்கும் 2025 கணக்குப்படி ஒரு படிவத்துக்கு 288 டாலரிலிருந்து 2,861 டாலர் வரை அபராதம் வரலாம். சோதனை அறிவிப்பு வந்தால் படிவங்களைக் கொடுக்கப் பொதுவாக மூன்று வேலை நாள் அவகாசம்தான். இப்போது அரசுத் தளத்தில் கிடைக்கும் படிவத்தையே பயன்படுத்துகிறோம்.

2023 ஆகஸ்ட் 1 முதல் வந்த மாற்றங்கள் எனக்குப் பிடித்திருந்தன. படிவம் சுருங்கியது, வேலை அனுமதி காலாவதியாகும்போது திரும்பப் பார்க்கும் மறுசரிபார்ப்பு தனி இணைப்பாகப் போனது. இ-வெரிஃபையில் உள்ள நிறுவனங்கள் நேரலை வீடியோவில் ஆவணம் பார்க்கவும் அனுமதி வந்தது. கொரோனாக் காலத் தளர்வு ஜூலை 31-ல் முடிந்ததும் இது கைகொடுத்தது. முன்பக்கம் பின்பக்கம் இரண்டின் நகலும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிச்சம் மங்கலாக இருந்தால் அழைப்பை நிறுத்தி, ஜன்னல் பக்கம் வரச் சொல்கிறேன்.

படிவங்களை வைத்திருக்க வேண்டிய காலம்: சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம், வேலையை விட்ட நாளிலிருந்து ஒரு வருடம், இதில் எது பிந்தியதோ அது.

கடைசியாக, காலாவதி. அமெரிக்கக் குடிமக்களுக்கு மறுசரிபார்ப்பு கிடையாது, கிரீன் கார்டு காட்டியவருக்கும் கிடையாது. இஏடி, எச்-1பி போன்ற கால வரையறை உள்ள அனுமதியில் இருப்பவர்களுக்குத்தான் தேதி பார்க்க வேண்டும். எச்-1பி நீட்டிப்பை நாம் உரிய நேரத்தில் விண்ணப்பித்திருந்தால் 240 நாள் வரை வேலை தொடரலாம். இஏடி புதுப்பிப்புக்கு முன்பு 540 நாள் வரை தானாக நீட்டிப்பு கிடைத்தது. 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிக்கும் பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை. எச்-4 இஏடி-யில், அதாவது எச்-1பி-யில் இருப்பவரின் மனைவியாக வந்து வேலை பார்க்கும் நம் பெண்களைத்தான் இது நேராக அடிக்கிறது. புதிய அட்டை வராவிட்டால், பழைய அட்டையின் தேதி முடிந்த மறுநாள் அவர்களை வேலைக்கு வரவிட முடியாது. காலாவதிக்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். அதனால் என் நாட்காட்டியில் 90 நாளில் இருந்த நினைவூட்டலை 200 நாளுக்கு மாற்றியிருக்கிறேன். மணி அடித்ததும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை, நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் இரண்டு பேரிடம் சொன்னேன். விண்ணப்பிக்கும் நாள் வந்ததுமே இருவரும் விண்ணப்பித்துவிட்டார்கள்.