விசில் அடிக்காத குக்கர்: எட்டு மாதம் சமைத்துப் பார்த்த பின்

எங்கள் வீட்டுச் சமையலறையில் நேரத்தை விசிலால்தான் அளப்போம். துவரம் பருப்புக்கு நான்கு, சாதத்துக்கு மூன்று, உருளைக்கிழங்குக்கு இரண்டு, முந்தின இரவே ஊறப்போட்ட கொண்டைக்கடலைக்கு ஆறு என்பது அம்மாவின் வாய்ப்பாடு. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பாவும், படிக்கும் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நானும் கேட்காமலே எண்ணிக்கொண்டிருப்போம். "இது மூணாவதா, நாலாவதா?" என்ற கேள்வி உள்ளேயிருந்து வந்தால் யாராவது ஒருவரிடம் பதில் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் எட்டு மாதங்களுக்கு முன் விசிலே இல்லாத ஒரு மின்சார பிரஷர் குக்கரை வாங்கி வந்தேன். கொள்ளளவு 6 லிட்டர், மின்திறன் 1000 வாட், உள்பாத்திரம் எவர்சில்வர், விலை எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் விற்கின்றன; நான் சொல்லப்போகும் நிறை குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கே பொதுவானவை.

புதியதைப் பற்றிப் பேசுமுன், பழைய குக்கர் நம்மை எப்படிப் பழக்கி வைத்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அடுப்பில் வைக்கும் நம் ஊர் குக்கர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரிக்குப் பதிலாக 121 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். அழுத்தம் அந்த எல்லையைத் தாண்டும்போது ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது, அழுத்தம் சற்றுக் குறைந்ததும் வெயிட் மீண்டும் உட்கார்ந்துவிடுகிறது. நாம் விசில் என்று சொல்வது, தேவைக்கு மேல் கொடுத்த வெப்பம் வெளியேறும் ஓசையை. பருப்பு வெந்ததற்கும் அந்த ஓசைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தீயைக் கூட்டி வைத்தால் நான்கு விசில் சில நிமிடங்களுக்குள் வந்துவிடும். குறைத்து வைத்தால் கால் மணி நேரம் ஆனாலும் இரண்டாவது வராது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் வையுங்கள் என்றுதான் குக்கருடன் வரும் கையேடுகள் சொல்கின்றன. ஆனால் கையேடு இழுப்பறையில் கிடக்கிறது, விசில் வீடெங்கும் கேட்கிறது. எண்ணுவதற்கு வசதியான ஓர் ஓசையைப் பொருளே கொடுத்துவிட்ட பிறகு, மனிதர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வடிவமைப்பாளரின் பேராசைதான். தலைமுறை தலைமுறையாக எரிவாயுவைச் சற்று வீணாக்கியபடியே நாம் மிகச் சரியான சாம்பார் வைத்து வந்திருக்கிறோம், ஏனென்றால் அவரவர் வீட்டு அடுப்புக்கும் அவரவர் குக்கருக்கும் ஏற்ப அந்த எண்ணிக்கை தானாகவே சீராகிவிட்டது. அடுப்பை மாற்றினால் மட்டும் ஒரு வாரம் பருப்பு குழையும் அல்லது நறுக்கென்று நிற்கும்.

இந்தக் கருவியின் மூலவரான தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் தம் ஆவிக் கொப்பரையைக் காட்டியபோதும் சிக்கல் மனிதரின் கையைப் பற்றியதாகவே இருந்தது. ஆவியை அடைத்து வைக்கலாம். ஆனால் அடைத்து வைத்தவர் அதை மறந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் அவர் எடை வைத்த பாதுகாப்பு வால்வைச் சேர்த்தார். நம் ஊர் ஹாக்கின்ஸ் குக்கரில் இதே சிக்கலுக்கு இன்னோர் அழகான விடை இருக்கிறது. அதன் மூடி பாத்திரத்தின் உள்ளேயிருந்து பொருந்துவதால், உள்ளிருக்கும் ஆவியே மூடியை விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்காமல் அதைக் கீழே தள்ளித் திருப்பி எடுக்க முடியாது. ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் 1960களில் தொழிற்சாலைகளுக்கென்று வகுத்த 'போகா யோகே' என்னும் முறைக்கு, அதாவது தவறு செய்யவே இடமில்லாதபடி பொருளை அமைக்கும் முறைக்கு, இதைவிட எளிய உதாரணம் வீட்டில் கிடைக்காது. வெளிமூடிக் குக்கர் வைத்திருப்பவர்களோ கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவதிலும், குழாயடியில் காட்டித் தண்ணீர் ஊற்றுவதிலும் தேர்ந்தவர்கள். அதுவும் பொருள் கற்றுக்கொடுத்த பழக்கம்தான், சற்று ஆபத்தான பழக்கம்.

மின்சார குக்கர் இந்தக் கையை முழுவதுமாக விலக்கிவிடுகிறது. மூடியில் ஒரு சிறு உலோக முளை இருக்கிறது. ஆவி சேர்ந்ததும் அது மேலே எழும்பி மூடியைப் பூட்டிவிடும், அழுத்தம் முழுவதும் இறங்கினால் மட்டுமே கீழே விழுந்து திறக்க விடும். உள்ளேயிருக்கும் உணரி (சென்சார்) அழுத்தத்தைப் பார்த்து வெப்பத்தை நிறுத்தியும் ஓட்டியும் வைப்பதால் ஆவி வெளியேற வேண்டிய தேவையே எழுவதில்லை. அதனால்தான் விசிலும் இல்லை. இந்த வகைக் குக்கர்கள் பொதுவாக 115 முதல் 118 டிகிரி வரையில் நின்றுவிடுவதால், அடுப்புக் குக்கரைவிடச் சற்றுக் கூடுதலாக நேரம் வைக்க வேண்டும். ஆவியாகிப் போகும் தண்ணீர் குறைவு என்பதால் தண்ணீரையும் குறைக்க வேண்டும். பொன்னி புழுங்கலரிசிக்கு எங்களுக்குச் சரியாக வந்த அளவைக் கண்டுபிடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. 'அரிசி' என்று எழுதியிருக்கும் பொத்தானை நம்பி அழுத்திய முதல் நாள், சோற்றின் நடுவே ஊசி போல ஒரு வேகாத முனை நின்றது. அந்தப் பொத்தானை அமைத்தவர் மனத்தில் இருந்தது பச்சரிசி என்பதில் எனக்கு ஐயமில்லை. பொத்தான்கள் மொத்தம் பன்னிரண்டு. இன்றுவரை நாங்கள் பயன்படுத்துபவை இரண்டு.

பெரிய குறை அதன் முகப்பில் இருக்கிறது. பருப்புக்கு 10 நிமிடம் என்று வைத்தால் திரை பத்திலிருந்து இறங்கத் தொடங்காது. அழுத்தம் ஏறும்வரை 'ஆன்' என்று மட்டும் காட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் சும்மா நிற்கும். பிறகு பத்து நிமிடம். அதன் பிறகு ஆவி தானாக இறங்க இன்னொரு பத்து நிமிடம். பெட்டியின் மேல் அச்சிட்ட விளம்பரத்தில் இருப்பது நடுவில் உள்ள பத்து மட்டுமே. முதல் மாதம் முழுவதும் மகளின் மதிய உணவுப் பெட்டி இந்தக் கணக்கில்தான் சிக்கியது. அடுத்த குறை ஓசை. மூடியைப் பொருத்தினால் ஒரு 'பீப்', பொத்தானை அழுத்தினால் ஒரு 'பீப்', சமையல் முடிந்தாலும் அதே சுருதியில் 'பீப்', அடிப்பிடித்து நின்றுபோனாலும் கிட்டத்தட்ட அதே. விசிலை எடுத்துவிட்டவர்கள் அதற்கு ஈடாக வைத்த ஓசைக்கு ஒரு பொருளாவது கொடுத்திருக்க வேண்டும். புளியைக் கெட்டியாகக் கரைத்து வைத்த குழம்பு அடியில் பிடித்து, குக்கர் அணைந்துபோய், பக்கத்து அறையில் இருந்த நாங்கள் 'முடிந்துவிட்டது' என்று நினைத்து அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்த கதை இரண்டு முறை நடந்தது.

மூடியின் உள்ளே இருக்கும் சிலிக்கோன் வளையம் மணத்தை விடாது. சாம்பார் வைத்த மறுநாள் பால் பாயசத்தில் பெருங்காயம் எட்டிப் பார்த்தது. இன்னொரு வளையம் வாங்கி இனிப்புக்கென்று ஒதுக்கிய பிறகுதான் தீர்ந்தது. அந்த வளையத்துக்காக வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு முறை பேசி, கடைசியில் வேறொரு தயாரிப்பின் வளையத்தை அளவு பார்த்து வாங்கிப் போட்டேன். ஆவி விடும் குமிழை மேல் அலமாரிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். எங்கள் அலமாரிக் கதவின் அடி விளிம்பு ஊதிப்போனது.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் இதை ஏன் தினமும் பயன்படுத்துகிறோம் என்றால், காலை நேரம் மாறிவிட்டது. முன்பெல்லாம் அடுப்பில் குக்கர் இருக்கும்போது குளிக்கப் போக முடியாது, மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போக முடியாது. காது சமையலறையில் கட்டிப்போடப்பட்டிருக்கும். இப்போது ஐந்தரை மணிக்கு இரண்டு அடுக்குப் பாத்திரத்தில் கீழே பருப்பும் மேலே அரிசியுமாக வைத்துவிட்டு நானும் மனைவியும் நடக்கப் போய்விடுகிறோம். கொண்டைக்கடலையை இரவே தண்ணீரோடு போட்டு, விடியற்காலை நான்கு மணிக்குத் தானாகத் தொடங்கும்படி வைத்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே சுண்டல் வாரம் இருமுறை ஆகிவிட்டது. சுண்டல் சாப்பிட வேண்டும் என்று ஐந்து வருடமாக எடுத்துவந்த தீர்மானத்தை ஒரு நேரப் பொத்தான் நிறைவேற்றிவிட்டது.

அதே பொறி வேறொரு பழக்கத்தையும் சத்தமில்லாமல் கொண்டுவந்தது. சமையல் முடிந்ததும் யாரும் கேட்காமலே அது 'சூடாக வைத்திரு' நிலைக்குப் போய்விடும். பத்து மணி நேரம் வரை அப்படியே இருக்கும். முன்பு இரவு எட்டு மணிக்குச் சோறு ஆறிவிடும் என்பதால் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். இப்போது மகள் ஏழரைக்கு, நான் எட்டரைக்கு, மனைவி அலுவலக அழைப்பை முடித்துக்கொண்டு ஒன்பதேகாலுக்கு. யாரும் இப்படி முடிவு செய்யவில்லை. இதைக் கவனிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. இப்போது இரவில் அந்த நிலையை அணைத்துவிடுகிறேன், ஆனால் ஒவ்வொரு நாளும் நினைவாக அணைக்க வேண்டியிருக்கிறது. தானாக அணைந்திருக்கும்படியும், தேவைப்பட்டவர் இயக்கிக்கொள்ளும்படியும் அமைப்பதற்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாகியிருக்காது.

செலவைப் பொறுத்தவரை, தமிழகத்தில் இரு மாதத்துக்கு முதல் சில யூனிட்கள் இலவசம் என்றாலும், குளிர்சாதனம் ஓடும் கோடை மாதங்களில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எல்லைக் கோட்டில் நிற்கும் வீடுகள் அந்த மாதங்களில் பழைய குக்கருக்குத் திரும்புவதே நல்லது. மின்வெட்டு வந்தால் பாதி வெந்த பருப்போடு காத்திருக்கவும் நேரிடும். பழைய குக்கரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

காலையில் ஓடுபவர்களுக்கு, அடுப்பருகே நிற்க முடியாத முதியவர்களுக்கு, தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். கூட்டாகச் சமைக்கும் வீட்டுக்கு ஒரு முறை யோசித்துச் சொல்வேன். "இன்னும் ரெண்டு விசில் வந்ததும் அணைச்சிடு" என்று யாரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போகக்கூடிய வேலையாக இருந்தது பழைய குக்கர் சமையல். பத்து வயதுப் பிள்ளையிடமும், எதிர்வீட்டு அக்காவிடமும்கூடச் சொல்லலாம். பன்னிரண்டு பொத்தான் உள்ள முகப்பை அப்படி ஒப்படைக்க முடியவில்லை.

அம்மா முதல் இரண்டு மாதம் இதைத் தொடவே இல்லை. "சத்தமே போடாம வெந்திருக்குன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?" என்பார். பிறகு ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அவரே ரசத்துக்குப் பருப்பு வைத்திருந்தார். திரையைப் பார்க்கவில்லை, பீப் ஓசையையும் பொருட்படுத்தவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூடியில் அந்த உலோக முளை 'டக்' என்று உள்ளே விழுந்தது. கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.