கிரெடிட் கார்டா, யூபிஐயா? தினச் செலவுக்கு நான் எடுத்த முடிவு

கிருஷ்ணகிரியில் வீடு, ஓசூரில் வேலை. ஒன்றரை வருடம் மளிகை, காய்கறி, பெட்ரோல் எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில்தான் ஓட்டினேன். இப்போது நாலு மாதமாக சேமிப்புக் கணக்கிலிருந்து நேராக யூபிஐ. தினச் செலவுக்கு இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

வசதியில் பெரிய வித்தியாசம் இல்லை. 2022-லிருந்து ரூபே (நம் நாட்டு கார்டு நெட்வொர்க்) கிரெடிட் கார்டையும் யூபிஐயில் இணைத்து ஸ்கேன் செய்யலாம். ஆனால் கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் கியூஆரை ஒட்டியிருந்தால் கார்டு எடுக்காது. டீக்கடையிலும் பூக்கார அம்மாவிடமும் எனக்கு அப்படித்தான் ஆனது. பெட்ரோலுக்கு கார்டில் கொடுத்தால் 1 சதவீதம் சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம், அதைத் தள்ளுபடி செய்யும் பல கார்டுகளும் 400 ரூபாய்க்குக் கீழே போட்டால் செய்வதில்லை. நான் பைக்குக்குப் போடுவது 200.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னை மாற்றியது வட்டிக் கணக்கு.

மாம்பழ சீசனில் வீட்டில் ஒரு விசேஷம் வந்ததால் 18,400 ரூபாய் பில்லுக்கு 15,000தான் கட்ட முடிந்தது. மீதி 3,400, மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 119 ரூபாய், போகட்டும் என்று இருந்துவிட்டேன். அடுத்த ஸ்டேட்மென்டில் வட்டியும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியுமாக 900 ரூபாய்க்கு மேல்! தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து ராத்திரி பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தேன். தப்பில்லை. பில்லை முழுசாகக் கட்டாவிட்டால் வட்டியில்லா நாட்கள் மொத்தமாகப் போய்விடும். என் கார்டு போட்ட கணக்கில் மீதிக்கு மட்டுமல்ல, 18,400 முழுவதற்கும் ஒவ்வொரு பொருளையும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும், அப்புறம் பாக்கியை அடைக்கிற வரை புதிதாக வாங்கும் அரைக்கிலோ தக்காளிக்கும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். 'மினிமம் ட்யூ', அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை, அதைக் கட்டினால் லேட் ஃபீஸ் வராது, அவ்வளவுதான், வட்டி நிற்காது. ஊரில் மூணு வட்டிக்குக் கடன் வாங்கினாலே அம்மா ஒரு வாரம் பேசமாட்டார். இது மூன்றரை, வருடத்துக்கு 42 சதவீதம். 1 சதவீத கேஷ்பேக்கில் மாதம் எனக்கு வந்தது 180 சொச்சம். ஒரே தடவை தவறியதில் ஐந்து மாதத்து கேஷ்பேக் போயிற்று.

யூபிஐயிலும் குறை உண்டு. யாராவது ஏமாற்றினால் நம் கணக்குப் பணம் அந்த நிமிடமே போய்விடும். கார்டில் ஆட்சேபம் எழுப்ப கொஞ்சம் அவகாசமாவது இருக்கும். அதனால் தனியாக ஒரு ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை 2,500 ரூபாய் போட்டு அதை மட்டும் யூபிஐயில் இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமையே தீர்ந்துபோன வாரங்களும் உண்டு. அன்றைக்கு உழவர் சந்தையில் கீரையும் கத்திரிக்காயும் போதும் என்று திரும்பிவிடுவோம்.

நான் வைத்திருந்தது ஒரே கார்டுதான், விமானத்தில் அடிக்கடி போகிறவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். மாதாமாதம் கடைசி ரூபாய் வரை கட்டிவிடுகிறவர்களுக்கும் நஷ்டமில்லை. என் கார்டை நான் ரத்து செய்யவில்லை, பீரோவில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்கான பணம் கணக்கில் முழுசாகச் சேர்ந்த பிறகு எடுப்பேன்.